பங்களா வளைவில் மேளம்

சுங்கை சிப்புட் சாலையை விட்டுத் தோட்டத்துச் செம்மண் பாதையில் என் சிநேகிதன் பத்துமலையின் கார் திரும்பியதும் என் கை உறுமியில் தானாக விழுந்தது. பின்னே? எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பிறந்து, என்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்து படித்து, கோலாலம்பூரில் கணிதப் பேராசிரியராக இருப்பவனை ஒரு பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். எண்பத்து நான்காம் வருஷம் எங்கள் தோட்டத்துக்குக் கிடைத்த ஒரே நல்ல சேதி அதுதான். அவனை வளர்த்த அக்கா இருளாயி, ரப்பர் பால் வெட்டிய கையைக்கூடக் கழுவாமல் வீடு வீடாகச் சொல்லிவிட்டாள். மாரியம்மன் கோயில் வரைக்கும் ஊர்வலம் என்றும் முடிவாகிவிட்டது. மாப்பிள்ளையைக் கேட்காமலே கல்யாணம்!

இறங்கியவன் என்னை ஓரமாக இழுத்தான்.

"சீனி, மேளத்த நிறுத்துலா. அந்தப் பதவி வேணாம்னு அக்காகிட்ட சொல்லத்தான் வந்தேன். நாளைக்குப் பதில் சொல்லணும்."

"ஏன்டா?"

"எனக்குக் கணக்குதான் தெரியும். ஆள நிக்க வச்சு வேல வாங்குற தொரை வேல நமக்கு ஆகாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் இருளாயி வந்து மாலையைப் போட்டுவிட்டாள். சொல்ல வாயைத் திறந்தான். அதில் கற்கண்டைப் போட்டாள். ஊர்வலம் கிளம்பிவிட்டது.

பாதை வளைகிற இடத்தில் துரை பங்களா. அதன் முன்னால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும், குடையை மடக்க வேண்டும், மேளம் கூடாது. சாவு மேளமும் அங்கே வாயை மூடிக்கொள்ளும். கடைசி வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போய் எத்தனையோ வருஷமாகிறது. இப்போதைய மானேஜர் ஈப்போவிலிருந்து வந்து போகிறார். பங்களாவில் ஆடுகள்தான் குடித்தனம் செய்கின்றன.

ஆனாலும் வளைவு வந்ததும் என் கை நின்றது. சைக்கிள்காரர்கள் இறங்கினார்கள். இருளாயி தலைத்துண்டை அவிழ்த்தாள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. திரும்பிப் பத்துமலையைப் பார்த்தேன். வரப்போகிற துணைவேந்தர் மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து நடந்துகொண்டிருந்தார்.

கையிலிருந்த மாலையை அப்போதுதான் அவனே பார்த்தான் போலிருக்கிறது. நின்றுவிட்டான்.

"எந்தத் தொரைக்குடா இது?"

பங்களா வராந்தாவிலிருந்து ஒரு ஆடு கத்தியது. பத்துமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். பிறகு மாலையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

"அடிடா சீனி."

அடித்தேன். என் ஜென்மத்தில் அப்படி அடித்ததில்லை. வராந்தாவிலிருந்து ஆடுகள் தாவி ஓடின. சைக்கிள்காரர்கள் பங்களா வாசலிலேயே ஏறி மிதித்தார்கள். எனக்கு அழுகையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன.

இருளாயி தலைத்துண்டை மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டு, அவன் காதருகே கத்தினாள். "தம்பி, என்னமோ சொல்லணும்னு வாயத் தொறந்தியே, என்னா?"

கேட்கவில்லை என்று காதைத் தொட்டுக் காட்டினான். அவனுக்குக் கேட்டது எனக்குத் தெரியும். பாலிஷ் போட்ட அவன் சப்பாத்து, பங்களா வாசல் செம்மண்ணில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.