ஒன்பதாவது டேக்கின் வேகம்

கடிதம் மூன்று பக்கம். இரண்டரைப் பக்கம் புகழ்ச்சி, கடைசி அரைப் பக்கத்தில் கையெழுத்துப் போட ஒரு கோடு. இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் எப்போதுமே இப்படித்தான், குளிரக் குளிரப் பேசிவிட்டுப் பேனாவை நீட்டுவார்கள். நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் வெளிவந்து சக்கைப்போடு போட்ட ஒரு ராக் அண்ட் ரோல் ஆல்பத்தை இப்போது பெரிய பெட்டியாகப் போடப் போகிறார்களாம். நான்கு தட்டுகள். ஸ்டூடியோவில் பாடிப் பார்த்தது, பாதியில் நின்றது, சிரித்தது, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டது எல்லாம் உள்ளே வருமாம். இதுவரை வெளிவராத அந்தப் பதிவுகளுக்கு, வாசித்தவர்கள் ஒவ்வொருவரும் சம்மதம் தர வேண்டும்.

அதில் டிரம்ஸ் வாசித்தவருக்கு இப்போது எழுபது வயது. மோட்டார்களுக்குக் கம்பி சுற்றி ‘காயில்’ கட்டுகிறார். கடையில் செம்புக் கம்பியும் வார்னிஷ் வாடையுமாக உட்கார்ந்திருந்தவர், கடிதத்தோடு வந்த, பெட்டியில் வைக்கப்போகும் புத்தகத்தின் மாதிரியைப் புரட்டினார். பதினேழாம் பக்கத்தில் அவரைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது: ‘மேடையில் பாட்டின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாததால், மூன்றாவது கச்சேரியோடு டிரம்மர் நீக்கப்பட்டார்.’

பொய் என்று கிழித்துப் போடவும் முடியவில்லை. நடந்தது அதுதான். ஆல்பம் வெளிவந்த மறுவாரம் முதல் கச்சேரி. ஆல்பத்தில் ஊரே முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டை இவர் ஆரம்பித்ததும் கூட்டம் உற்சாகம் குறைந்து ஒருவரையொருவர் பார்த்தது. முன்னால் நின்ற பாடகர் திரும்பி, ‘வேகம், வேகம்’ என்று கையை ஆட்டினார். இவர் அடித்துப் பிடித்து ஓடப் பார்த்தார், குச்சி நழுவியது. மூன்றாவது கச்சேரிக்குப் பிறகு வேறொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நண்பர்கள் வாய் சும்மா இருக்குமா? இவருக்கு ‘ஆமை’ என்று பெயர் வைத்தார்கள்.

அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். வீட்டில் அந்தத் தட்டைப் போட்டு முழங்காலில் தட்டிப் பார்த்தார் பாருங்கள், அதுதான் ஆளைச் சாய்த்தது. தட்டில் இருந்த வேகம் அவர் கையில் இல்லை. ஸ்டூடியோவில் எப்படியோ அமைந்தது, நமக்கு இது சரிப்படாது என்று தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். டிரம்ஸைக் கொடுத்துவிட்டு மோட்டார் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

“கையெழுத்தைப் போட்டு அனுப்பிட்டு வேலையைப் பாருங்க. பழசைக் கிளறி என்ன ஆகப்போகுது?” என்றாள் மனைவி.

“போடறேன். ஆனா கேட்டுட்டுத்தான் போடுவேன். எந்த இடத்துல சறுக்கினேன்னு என் காதால கேக்கணும்.”

“கேட்டு?”

“நான் மோசம்தான்னு தெரிஞ்சா, அந்தப் பதினேழாம் பக்கத்தை வாயை மூடிக்கிட்டு ஒத்துக்கறேன். கேக்காம மட்டும் பேனாவைத் தொட மாட்டேன்.”

அவர் ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான். தனியாக விட்டால் எங்காவது சண்டை வளர்த்துவிடுவார் என்று மனைவியும் கூடவே கிளம்பினாள்.

கம்பெனியின் ஸ்டூடியோ ஒரு மருந்துக்கடைக்கு மேல் இரண்டாவது மாடியில் இருந்தது. பழைய ஒலிநாடாக்களைக் கணினியில் ஏற்றும் பெண் பொறியாளருக்கு நாற்பது வயது இருக்கும். ஈரம் கோத்த நாடாவை லேசான சூட்டில் எட்டு மணி நேரம் காயவைத்துத்தான் ஓட்டுவாளாம். மனிதர்கள்தான் டிரம்மரை மறந்தார்கள், நாடாவையாவது ஒருத்தி பத்திரமாகப் பார்த்துக்கொண்டாளே.

“அந்தப் பாட்டைப் பதினொரு தடவை வாசிச்சுப் பதிவு பண்ணியிருக்கீங்க, மொத்தம் பதினொரு டேக் சார். ஒன்பதாவதைத்தான் ஆல்பத்துல போட்டாங்க,” என்று சொல்லிவிட்டு முதல் டேக்கை ஓடவிட்டாள்.

பாட்டு தொடங்குவதற்கு முன்னால் அறையின் ஓசை வந்தது. யாரோ இருமினார்கள், நாற்காலி நகர்ந்தது, கிதார் ஒலிபெருக்கி ‘ம்ம்ம்’ என்று இரைந்தது. இவர் சடாரென்று கையைத் தூக்கினார்.

“நிறுத்தும்மா.”

“இன்னும் பாட்டே ஆரம்பிக்கல சார்.”

“பாட்டு கிடக்கட்டும். அந்த இரைச்சலை மறுபடி போடு.” மூன்று தடவை கேட்டார், காதை ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொண்டு. “இது கரண்டோட இரைச்சல். நாற்பத்தாறு வருஷமா இதோடதான் குடித்தனம் பண்றேன். கரண்டுன்னா விநாடிக்கு ஐம்பது சுத்து. கூடாது, குறையாது. இது ஐம்பது இல்லம்மா. ஏறி நிக்குது.”

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “ஆரம்பிச்சுட்டீங்களா?”

பொறியாளர் சிரிக்கவில்லை. திரையில் இரைச்சலை மட்டும் பிரித்து அளந்தாள். ஐம்பத்து மூன்று என்று காட்டியது. அவள் முகம் சட்டென்று மாறியது.

“நான்தான் ஏத்தினேன் சார். நாடாவை அப்படியே ஓட்டினப்போ பாட்டு மெதுவா இருந்தது. தட்டுல இரண்டு நிமிஷம் இருபத்து மூணு விநாடி, நாடாவுல இரண்டு நிமிஷம் முப்பத்திரண்டு. அந்தக் காலத்து மெஷின் தப்பா ஓடியிருக்கும்னு நினைச்சு, தட்டுக்குச் சமமா எல்லா டேக்கையும் ஏத்தி வச்சேன். எல்லாரும் தட்டைத்தானே சரின்னு எடுத்துக்குவோம்.”

“நீ கை வைக்காத நாடாவுல அந்த இரைச்சல் எவ்வளவு?”

விசைகளைத் தட்டினாள். வந்த எண்ணை இன்னொரு தடவை சரிபார்த்தாள்.

“ஐம்பது சார். அச்சு அசலா ஐம்பது. நாடா சரியாத்தான் ஓடியிருக்கு. தட்டைத்தான் யாரோ வேகமாக்கி அச்சடிச்சிருக்காங்க.”

அதாவது, இந்த மனிதர் மேடையில் வாசித்ததுதான் பாட்டின் நிஜமான வேகம். தயாரிப்பாளர் பாட்டை விறுவிறுப்பாக்க மெஷின் விசையைத் திருகியிருக்கிறார், அவரும் போய்ச் சேர்ந்தாயிற்று. ஒரு விசையைத் திருகியதற்கு ஒரு மனிதன் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு நாற்பத்தாறு வருஷம் வாழ்ந்திருக்கிறான். எரிச்சல் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்!

அவர் கத்தவில்லை. கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “பதினொரு டேக்கும் அதோட சொந்த வேகத்துல வரணும். பதினேழாம் பக்கத்துல நடந்ததை நடந்தபடி எழுதணும். அப்பதான் என் கையெழுத்து.”

“நான் மாத்திடுவேன் சார். தப்புன்னு தெரிஞ்சே எப்படி அனுப்பறது? ஆனா பாடகரும் சம்மதிக்கணும். வேகத்தைக் குறைச்சா அவர் குரலும் இறங்கும். ‘வானத்தைத் தொடும் குரல்’னு பெட்டி மேலயே அச்சடிச்சிருக்காங்க.”

“கூப்பிடு அவனை.”

பாடகர் மறுநாள் காலை பதினோரு மணிக்கு வந்தார். கறுப்புக் கண்ணாடி, சாயம் பூசிய முடி, உள்ளே நுழையும்போதே கும்பிடு. டிரம்மரைப் பார்த்ததும் கட்டிப்பிடிக்க வந்தவர், எதிரே இருந்தவர் நாற்காலியை விட்டு எழாததால் அப்படியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பொறியாளர் முதலில் அந்த இரைச்சலைப் போட்டுக் காட்டினாள், பிறகு ஒன்பதாவது டேக்கின் முதல் நான்கு வரிகளை நிஜ வேகத்தில் ஓட்டினாள். பாடகர் கையை அசைத்து நிறுத்தச் சொன்னார்.

“இது வேணாம்மா. இது என் குரலே இல்ல.”

“இதுதான்டா உன் குரல். உன் பக்கத்துல உக்காந்து வாசிச்சவன் நான்,” என்றார் டிரம்மர்.

“ஜனங்க அந்தக் குரலைத்தான்டா கொண்டாடினாங்க. இந்த வயசுல என்னை இறக்கி வைக்கணுமா?”

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லு. முதல் கச்சேரிக்கு முந்தின நாள் கிதாரையெல்லாம் அரைக்கட்டை ஏத்திக் கட்டச் சொன்னியே, ஏன்? நான் டிரம்ஸ்காரன், சுதி பத்தி எனக்கென்னன்னு அப்ப கேக்கல. நேத்து சாயந்திரம் கடையில கம்பி சுத்திக்கிட்டு இருக்கும்போதுதான் உறைச்சது.”

பாடகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

“தெரியும்டா,” என்றார் கடைசியில். “தட்டு வந்த அன்னைக்கே தெரியும். அந்தக் குரல்ல பாடணும்னா சுதியை ஏத்தணும், பாட்டை ஓட்டணும். நீ மட்டும் நாம வாசிச்ச மாதிரியே வாசிச்சுக்கிட்டு இருந்தே. நிஜத்தைச் சொன்னா என் குரல் டூப்புன்னு ஆயிடும். பழியை உன் மேல போட்டா உன்னோட போயிடும். பயந்துட்டேன். மன்னிச்சுடுடா.”

மூலையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனைவி, “அட பாவி!” என்றாள், நன்றாகவே காதில் விழும்படி.

டிரம்மர் நாற்காலியைப் பாடகர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “மன்னிப்பை நீயே வச்சுக்க. எனக்கு அந்த வேகம் வேணும். நீ ஒத்துக்கலேன்னா நானும் கையெழுத்துப் போட மாட்டேன். பெட்டியில பழைய தட்டை மட்டும் போட்டு வித்துக்கட்டும். முடிவு சொல்றதுக்கு முன்னாடி ஒன்பதாவது டேக்கை முழுசா கேளு. காதைப் பொத்தாம கேளு.”

பொறியாளர் ஓடவிட்டாள். இரண்டு நிமிஷம் முப்பத்திரண்டு விநாடி. நிதானமாக, கனமாக, ஒவ்வொரு அடியும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அவசரமில்லாத அந்தத் தாளத்தின் மேல் ஓர் இளைஞன் நெஞ்சிலிருந்து பாடினான். தட்டில் கீச்சென்று ஒலித்த வரிகள் இங்கே கெஞ்சின, அதட்டின. டிரம்மர் தன் கையை மட்டும் கேட்டார். முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை ஓர் இடத்திலும் சறுக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் பாடகர் பொறியாளரிடம் பேனா கேட்டு வாங்கித் தனக்கு வந்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

“இந்தக் குரலை நானே மறந்துட்டேன்,” என்றார் பிறகு.

“நல்லா பாடியிருக்கே. உன் மேல இருக்கற கோபம் போகல, அது வேற,” என்றார் டிரம்மர். மடித்த கடிதத்தை எடுத்துப் பிரித்துத் தன் கோட்டில் கையெழுத்துப் போட்டார். பதினேழாம் பக்கத்தின் புதிய வரியைப் பொறியாளரை அங்கேயே கம்பெனிக்கு எழுதவைத்து, இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். ‘மேடையில் சரியான வேகத்தில் வாசித்தவர் டிரம்மர் ஒருவரே, வேகமாக்கப்பட்டது இசைத்தட்டு.’

படி இறங்கும்போது மனைவி பாதியில் நின்றுவிட்டாள். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“என்னங்க, ஒண்ணு சொல்லிடறேன். ‘ஸ்டூடியோவுல நான் நல்லாதான் வாசிச்சேன்’னு நீங்க சொல்லும்போதெல்லாம் நான் ஒப்புக்குத்தான் தலையாட்டினேன். நானும் நம்பலைங்க.”

“நானே நம்பலையேடி,” என்றார். அதற்கு மேல் முடியாமல் படியிலேயே உட்கார்ந்து, ஆளுக்கும் வயசுக்கும் பொருந்தாத மாதிரி விம்மி விம்மி அழுதார்.