நடைவழி பல்பு

"கதவு சிக்னல் தினமும் மூணு மணிக்குப் போகுது, நாலு மணிக்குத் தானா வந்துடுது. பேயா, பிசாசா?"

மேசையில் சாய்த்து வைத்திருந்த அவள் போனிலிருந்து கணவனின் குரல் அதட்டியது. ஆபீசில் இருந்தாலும் அவன் வீட்டை விட்டு எங்கே போனான்? வாசற்கதவு திறந்தால் அவன் போனில் மணி அடிக்கும். எத்தனை நிமிஷம் திறந்திருந்தது என்றுகூடக் கோள் சொல்லும்.

நெட்வொர்க் பார்க்க வந்த டெக்னீஷியன் லேப்டாப்போடு தரையில் உட்கார்ந்திருந்தார். "இதெல்லாம் கைமாத்திப் போற சமாச்சாரம் சார். கதவுல இருக்கற சென்சார் நடைவழி பல்புகிட்ட சொல்லும், பல்புதான் ரௌட்டர்கிட்ட சொல்லும். பல்புக்குக் கரண்ட் இல்லேன்னா கதவு ஊமை."

அவள் பார்வை நடைவழி சுவிட்சுக்குப் போய்த் திரும்பியது. ஆளில்லாத இடத்தில் விளக்கு எரிந்தால் அவளுக்குப் பொறுக்காது. போன மாதம் அப்படித்தான் நடைவழி சுவிட்சை அணைத்துவிட்டுக் குப்பை கொட்டப் போனாள். எங்கே போனாய் என்று போன் வரவில்லை. அன்றைக்குப் பொறி தட்டியது. அதிலிருந்து மூன்று மணிக்கு சுவிட்சை அணைத்துவிட்டுத் தெருமுனைத் தையற்கடைக்கு ஓடுவாள். அவளுடைய அக்கா அங்கேதான் தைக்கிறாள். அக்காவோடு பேச்சு வார்த்தை கூடாது என்பது கணவனின் உத்தரவு. இருவரும் சேர்ந்து பட்டன் தைத்தபடி எதையாவது பேசிச் சிரிப்பார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற இருபத்து மூன்றையும் அவள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

டெக்னீஷியன் திரையில் விரலை ஓட்டினார். பல்பு அணைந்த நேரங்கள்: மூன்று ஒன்று, மூன்று இரண்டு, மூன்று ஒன்று. சுவரைப் பார்த்தார். சுவிட்ச் பலகையில் ஒரே ஒரு சுவிட்சில் மட்டும் விரல் அழுக்கு. பிறகு அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னப்பா, சத்தத்தையே காணோம்?"

"பல்பு சூடாகி அணையுது சார். மாத்திடறேன்."

அவளுக்கு உயிர் வந்தது.

"மாத்து. கூடவே வேற ஒண்ணும் போடு. அது போனாலும் இது சொல்லணும்."

வந்த உயிர் போயிற்று. அவர் பல்பை மாற்றினார். பையிலிருந்து, பல்பைப் போலவே சேதி கடத்தும் ஒரு பிளக்கை எடுத்து, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கைபடாத இடம் இருந்தும் அதை விட்டுவிட்டு, செருப்பு அலமாரிக்கு மேலே, கைக்கெட்டும் சாக்கெட்டில் செருகினார்.

"இந்த சுவிட்சையும் அந்த சுவிட்சையும் யாரும் தொடக்கூடாது சார். ரெண்டும் சேர்ந்து அணைஞ்சா கதவு ஊமைதான்," என்றார் போனுக்குக் கேட்கும்படி. கண் மட்டும் அவள்மேல் இருந்தது.

"கேட்டுச்சா உனக்கு?" என்றான் கணவன்.

"கேட்டுச்சு."

"சாயங்காலம் வந்து ரெண்டையும் டேப் போட்டு ஒட்டிடறேன்."

டெக்னீஷியன் போய்விட்டார். மணி மூன்று. இன்றைக்காவது போய் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு அக்கா வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாள். நடைவழி சுவிட்சை அணைத்தாள். ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு அலமாரிக்கு மேலே கையை நீட்டினாள்.

அப்போதுதான் மேசையைப் பார்த்தாள். போன் திரை இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அவன் அழைப்பைத் துண்டிக்கவில்லை. அவன் பெயருக்குக் கீழே வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. நாற்பத்து ஒன்று, நாற்பத்து இரண்டு. அவள் கை சுவிட்சின் மேலேயே இருந்தது.