முத்துப்பாரை நகலெடுத்த மாலை

1

ஐப்பசி பிறந்ததும் தூத்துக்குடியின் வானம் மெல்லத் தாழ்கிறது. உப்பளங்களின் வெண்குவியல்கள் ஓலைப் போர்வைக்குள் ஒடுங்குகின்றன. கடல் தன் பச்சையைத் துறந்து சேற்றின் நிறம் ஏற்கிறது. துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் மழைக்குள் அசையாது நிற்க, ஊர் முழுவதும் கருவறை வாயிலில் நிற்பவரைப்போலக் குரல் தாழ்த்திப் பேசுகிறது.

முதலில் பெரும்பொழுது, பிறகே மாந்தர். நான் பயின்ற தமிழின் முறை அது. ஆனால் வாசகரே, என் நெஞ்சில் அந்த அடக்கம் சிறிதும் இல்லை. துள்ளுகிறது! உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இக்கதை மழையில் பிறக்கவில்லை, கணினித் திரையில் ஊர்ந்த ஒரு பச்சைக் கோட்டில் பிறந்தது. நான் சேர்த்துவைத்த பண்ணிசைப் பதிவுகளை ஒரு நாஸ் பெட்டியிலிருந்து (வீட்டு வலையில் இணைந்து, எல்லாவற்றையும் காத்துவைக்கும் சேமிப்புப் பெட்டி) இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். கோடு நகர்ந்தது, நின்றது, நடுங்கியது. என் வாய் தானாகவே ஒரு பதிகத்தை முணுமுணுத்தது. அந்த நொடியில் கதைப்பெண் பிளாரன்ஸ் வந்து என் நாற்காலியில் அமர்ந்துவிட்டாள்.

2

[கயல்போல் விழியும் முத்துப்போல் பல்லும் உடைய பிளாரன்ஸ் —]

அந்த வரியை அடித்துவிட்டேன். முத்துக்குளித்த ஊரில் ஒருத்தியின் பல்லை முத்தென்பது சோம்பல்.

பிளாரன்ஸ் திரேஸ்புரத்தில் வாழ்பவள். கல்யாண வீடியோக்களையும் கோயில் திருவிழா வீடியோக்களையும் வீட்டிலிருந்தே தொகுத்துக் கொடுப்பவள். அவள் கணவன் வளன் சங்கு குளிப்பவன். புரட்டாசிக் கடைசியில், நீர் தெளிந்திருந்த இறுதி நாளில், நெற்றியில் கட்டிய சிறு கேமராவோடு அவன் மூழ்கினான். நெடுங்காலம் சிப்பியின்றிக் கிடந்த ஒரு கடலடிப் பாறைத்திட்டில், பார் என்பார்கள் அதை, முத்துச்சிப்பிக் குஞ்சுகள் அடையடையாய் ஒட்டியிருக்கக் கண்டான். கரையேறிச் சொன்னான். உடன் குளிப்பவர்கள் சிரித்தார்கள்.

"ஏலே வளா, கண்ணாடிக்குள்ள தண்ணி பூந்துட்டோ?"

"முத்து பாத்தானாம்லே! நாளைக்கு கடக்கன்னியக் கூட்டிட்டு வாரேம்பான்!"

நாளை ஞாயிற்றுப் பூசை முடிந்ததும் மீனவர் சங்கக் கூட்டம். படத்தைக் காட்டினால், அந்தப் பாரின்மேல் விசைப்படகுகள் மடி என்னும் இழுவலையை இழுக்கக்கூடாது என்று முடிவாகும். காட்டாவிட்டால், மழை ஓய்ந்ததும் மடி அதை வழித்துக்கொண்டு போய்விடும். கடல் கலங்கிவிட்டது, இன்னொரு படம் எடுக்க வழியில்லை. கேமராவின் நினைவட்டையோ, படம் பெட்டியில் ஏறியதும், அடுத்த நாளே அழிக்கப்பட்டு ஒரு ஞானஸ்நான வீட்டுக்குப் போய்விட்டது. மிஞ்சியது ஒரே பிரதி. அது கிடப்பது பிளாரன்சின் பழைய நாஸ் பெட்டியில். அந்தப் பெட்டி சில நாளாக முனகுகிறது.

புதுப்பெட்டி வந்தது. பழக்கதோஷத்தில் அவள் எல்லாக் கோப்புகளையும் ஒருசேரப் பிடித்து, கணினி வழியாகவே பழையதிலிருந்து புதியதற்கு இழுத்துவிட்டாள். கல்யாணங்கள் முதலில் போயின. பாரின் படம் வரிசையில் காத்து நின்றது.

3

மின்னல் வெட்டியதும் மாமியார் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்க, பிளாரன்ஸ் கண்ணீர் மல்க —

இவ்வாக்கியத்தை இங்கேயே கைவிடுகிறேன். மாமியார்மேல் பழிபோடுவது கதாசிரியர்க்கு எளிது. அவ்வெளிமை எனக்கு வேண்டா. பெட்டிகளின் பிளக்கைப் பிடுங்கியது பிளாரன்சின் சொந்தக் கை! இக்கரையில் இடி கேட்டால் பிளக்கைப் பிடுங்குவதும், மந்திரித்த மெழுகுதிரி ஏற்றுவதும் தாய்ப்பாலோடு வந்த வழக்கம். கை முந்திக்கொண்டது, அறிவு பின்னால் வந்து அலறியது.

"அய்யோ, மாதாவே!"

"நல்ல காரியந்தானளா செஞ்ச," என்றார் மாமியார், திரியைத் தேடிக்கொண்டே. "இடி எறங்கிச்சின்னா எல்லாம் கருகிப்போவும்."

"மாமி, உங்க மவன் எடுத்த பாரு உள்ள கெடக்கு!"

"பாரு கடல்ல கெடக்குளா. பெட்டிக்குள்ள எங்கன வந்து கெடக்கும்?"

(அடிக்குறிப்பாக நிற்க வேண்டியது இது, ஆவலால் உள்ளே வந்துவிட்டது. செல்லரித்த ஏட்டைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதியவர்களை நினைத்துக்கொண்டேன். பழைய ஏடு ஒவ்வொரு புரட்டலிலும் நொறுங்கும். எந்தப் பாட்டை முதலில் எழுதுவது என்று அவர்களும் திகைத்திருப்பார்கள் அல்லவா?)

4

இடி அகன்றது. பிளக்கை மாட்டினாள். பழைய பெட்டி இருமியது, டிக்கென்றது, சுழன்றது. உயிர் இருக்கிறது!

நனைந்தபடி வந்த வளனிடம், கோப்பு ஒவ்வொன்றும் பழைய பெட்டியிலிருந்து கணினிக்கு வந்து, கணினியிலிருந்து புதுப்பெட்டிக்குப் போகிறது என்று விளக்கினாள்.

"அப்பம் ஒரு வள்ளத்துச் சங்க கரைக்குச் சொமந்து, திரும்ப அடுத்த வள்ளத்துக்குச் சொமக்கியா? கோட்டிக்காரி! நடுக்கடல்லயே கைமாத்தி விடுளா."

"வாய மூடுங்க. நானும் அதத்தான் செய்யப்போறேன்," என்று முறைத்தாள். சிரிப்பு உதட்டோரம் வந்துவிட்டது.

புதுப்பெட்டியின் பக்கத்தைத் திரையில் திறந்தாள். பழையதிடமிருந்து நேராக நீயே வாங்கிக்கொள் என்று அதற்குக் கட்டளையிட்டாள். கல்யாணங்கள் கிடக்கட்டும்; பார் ஒன்று மட்டும். இனிக் கணினி வெறும் சாளரம். கோடு பாய்ந்தது! முப்பது. நாற்பது. ஐம்பத்தைந்து! வளன் மூச்சடக்கி நின்றான். அதில் அவன் வல்லவன்.

மறுபடி இடி, இம்முறை கூரையின் மேலேயே.

"பிடுங்குளா!" என்றார் மாமியார்.

"பிடுங்காத!" என்றான் வளன்.

பிளாரன்சின் கை நீண்டது. ஒரு பிளக்கைப் பிடுங்கியது. கணினியின் பிளக். திரை இருண்டது; மூடியது சாளரம் மட்டுமே. இரு பெட்டிகளிலும், அவற்றை இணைக்கும் ரவுட்டரிலும் சின்னஞ்சிறு பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன.

5

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் சங்கக் கூட்டமே எழுந்து கைதட்டியது; கைதட்டலில் கதை முடிப்பது எனக்குக் கூசியது. இன்னொன்றில் மின்னல் கம்பி வழியே இறங்கி [எழுத மாட்டேன்]. மூன்றாவதில் கோப்பு முழுதாக வந்தது, ஆனால் படத்தில் வெறும் நிழல். அதுவே என்னை மிக அச்சுறுத்தியது. நான் கேட்கத் தயங்கியதை வளனே கேட்டான்:

"ஏளா, ஒருவேள படத்துல ஒண்ணும் தெரியலன்னா?"

"நீங்க பாத்தியள்லா?"

"பாத்தேன்."

"பெறவென்ன?"

அவள் அந்தப் படத்தை இன்னும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. நலிந்த பெட்டியை ஓடவிட அஞ்சியிருந்தாள்.

கணினி அணைந்தபின் எனக்கும் சாளரம் இல்லை, வாசகரே. கோடு எங்கே நிற்கிறதென்று நானும் அறியேன். காலையில் திரையைத் திறக்கும் கை உம்முடையது.

மாமியார் மெழுகுதிரியை நீட்டினார். பிளாரன்ஸ் அதை மேசையோரத்தில் நட்டாள். பழைய பெட்டியின்மேலும் புதிய பெட்டியின்மேலும் கட்டைவிரலால் சிலுவை வரைந்தாள். ஈரத்தரையில் முழந்தாளிட்டாள். அருகே வளனும் முழந்தாளிட்டான். விளக்குகள் சிமிட்டின.

மழை பொழிக. கலங்கிய கடல் தெளிக. பாரின் குஞ்சுகள் வளர்க. கண்டவன் சொல் நிலைக்க. காணாது நம்பினவள் கண் குளிர்க. இதுவரை உடன் காத்திருந்த நீரும் வாழ்க.