பிரதீபா வாங்கப்போன கோட்

இனி இயற்கைக்கு உகந்த உடுப்புத்தான் என்று முடிவெடுத்த பிரதீபா, கனடாவின் மார்க்கம் நகரிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு ரொறன்ரோவில் டானாவின் கடைக்குப் போனாள். டானா, அனிஷினாபே என்ற கனடியப் பூர்வகுடியைச் சேர்ந்த பெண். பழைய கம்பளிகளில் கோட் தைப்பவள்.

"வீட்டில் எத்தனை கோட் இருக்கிறது?" என்று டானா கேட்டாள்.

"ஏழு இருக்கு. ஆனா ஒண்டும் இயற்கைக்கு உகந்தது இல்லை."

"தேவைக்கு மேல் எடுக்காதே என்றுதான் எங்கள் பெரியவர்கள் சொல்லித் தந்தார்கள்," என்ற டானா, பிரதீபா போட்டிருந்த கோட்டையே கழற்றி வாங்கி, கிழிந்திருந்த கையில் கம்பளித் துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தாள். புதியது விற்க மறுத்துவிட்டாள்.

மறுநாள் அலுவலகத்தில் பிரதீபா கோட்டைக் கழற்றவேயில்லை. ஒட்டுப்போட்ட கையை மேசைமேல் நீட்டியபடி மாலைவரை காத்திருந்தாள். ஒருவரும் விசாரிக்கவில்லை.

கடைசியில் பக்கத்து மேசைச் சுபாங்கிதான் கேட்டாள்: "என்ன பிரதீபா, குளிருதோ?"