மேய்ச்சல் காட்டு மண்

கூரை ஒழுகத் தொடங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் நாக்கின் அடியில் ஒரு கடலையளவு சிவப்பு மண் கரைந்துகொண்டிருந்தது. மசக்கைக்காரியின் தூக்கம் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. கஃப் ரோட்டு மாடியறையில், கீழே மிளகாய் அரைக்கும் மில்லுக்கு அன்று விடுமுறை என்ற ஒரே சந்தோஷத்தோடு, பாயில் சாய்ந்து கண்ணை மூடி மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தேன். முதலில் நாலு விரல் ஆழத்துக்குப் புல்வேர். அப்புறம் சிவப்பு. அதற்கும் கீழே சரளைக்கல், உள்ளங்காலில் நறநறவென்று உறுத்தும். இன்னும் கீழே குளிர்ந்த களி, கணுக்காலைப் பிடித்து இழுக்கும். கடைசியில் ஒரு தளம், வீட்டுத்தரை மாதிரி. அதில் போய்ப் படுத்துக்கொள்வேன். தலைக்கு மேலே எங்கோ மாடுகள் புல்லைக் கடித்து இழுக்கிற சத்தம் கேட்கும். அங்கே குமட்டல் கிடையாது. யாரும் என்னை எழுப்பவும் மாட்டார்கள்.

இந்தக் கனவுக்கு வேண்டிய சாமான் எல்லாம் என் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்ததுதான். மருதப்பன் என்று பெயர். வாயால் சொல்லக் கூடாது, எழுதினால் குற்றமில்லை என்று எனக்கு நானே வைத்துக்கொண்டிருக்கிறேன். அப்போது, ஐம்பத்தெட்டில், மண் பரிசோதிக்கிற ஆபீஸ் ஒன்றில் அவருக்குத் தினக்கூலி வேலை. பட்டணத்து மாட்டுக்கொட்டகைகளை வெளியே கொண்டுபோவதானால் பொங்கோல் பக்கத்து மேய்ச்சல் காடு தாங்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் குழி வெட்டுவார். குழியின் சுவரில் மண் மாறுகிற இடத்திலெல்லாம் ஒரு பை மண் எடுத்து, மேலிருந்து கீழாக ஒன்று, இரண்டு என்று நம்பர் சீட்டுக் கட்டுவார். ஆபீஸில் மண் காயவைக்கும் கொட்டகை காற்றில் சரிந்துவிட்டதால், ஆபீஸ் கணக்கெழுதுகிற கிராணி பேரின்பநாயகம் வீட்டிலேயே காயவைத்துக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். சனிக்கிழமைதோறும் எங்கள் அறைச் சுவரோரம் பழைய பேப்பரில் ஐந்து குவியல் மண். ஒவ்வொரு குவியலுக்குப் பக்கத்திலும் அதனதன் பை, சீட்டோடு. அதற்கு என்னைக் காவல் வைத்துவிட்டு வெளியே போவார். நல்ல காவல்!

மற்ற ஆண்கள் சினிமாக் கதை சொல்வதுபோல் இவர் மண்கதை சொல்வார். "மாடு மேயுற எடம்னுதான் பேரு. புல்லு, முடி கொட்டுன தலையாட்டம் நிக்குது. வெயில் அடிச்சா கடப்பாரை எகிறுது. மழ பேஞ்சா களி காலை விட மாட்டேங்குது. முழங்கால் ஆழத்துல பாரு, சிமிட்டித் தளம் போட்ட மாதிரி இறுகிக் கெடக்குது. தண்ணி கீழ எறங்காம அதுமேலயே நிக்குது. வேரெல்லாம் முட்டிப் பாத்துட்டுப் பக்கத்துல ஓடிருது லா." நான் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பேன். கஞ்சி உள்ளே போகாது, எச்சில்தான் ஊறும்.

மண் தின்ன எனக்குத் தடை இருந்தது. இதற்கு முன் உண்டான பிள்ளை ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. ஆஸ்பத்திரியில், இப்படி நடப்பதுண்டு என்று மட்டும் சொன்னார்கள். நாத்தனார் பூவம்மாதான் காரணத்தைக் கண்டுபிடித்தாள். நான் சுவரைச் சுரண்டித் தின்றதை அவள் பார்த்திருந்தாள். "மண்ணத் தின்னே புள்ளைய முழுங்கிட்டா" என்று பிழைக்க வந்த இடத்தில் நாலு பேர் கேட்கச் சொன்னாள். அன்றைக்கு இவர் என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். "சத்தியம் பண்ணு செல்லக்கண்ணு. இன்னொரு தடவ வாயில மண்ணு வச்சே, குளுவாங்குல ஒங்கப்பா வீட்டுல விட்டுட்டு வந்துருவேன். அப்புறம் திரும்பிப் பாக்க மாட்டேன்." சத்தம் போடுகிற ஆளில்லை இவர். அன்றும் சத்தம் போடவில்லை. அதனால்தான் பயந்தேன்.

இப்போது மறுபடியும் நாலு மாதம். சோறு நிற்கவில்லை, ரொட்டி நிற்கவில்லை, தண்ணீர்கூட வெளியே வந்துவிடும். அந்த மண் மட்டும் உள்ளே போய் அடங்கி உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு முறை வாயில் போடும்போதும் பெற்றவளே பிள்ளையைக் கொல்கிறோமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனாலும் கை போகும். என் கைதான், நான் சொன்னால் கேட்கவில்லை.

முகத்தில் ஏதோ சொட்டியது. கண்ணைத் திறந்தால் சுவரோரம் முழுக்கத் தண்ணீர். ஓட்டு இடுக்கு வழியாக மழை நேராக மண் குவியல்களின் மேல் விழுந்து பேப்பரெல்லாம் ஊறிவிட்டது. எழுந்து ஓடிக் குவியல்களை வரிசை பார்க்காமல் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தேன். பைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிந்தன. மண் கலக்கவில்லை, பிழைத்தது. சீட்டுகள்தான் பிழைக்கவில்லை. நனைந்தால் ஊதாவாகிற அந்த ஆபீஸ் பென்சில் எழுத்து கரைந்து, ஐந்து சீட்டிலும் ஐந்து ஊதாக் கறைகள் மட்டும் மிஞ்சியிருந்தன.

தேக்கா மார்க்கெட்டிலிருந்து இஞ்சி வாங்கிக்கொண்டு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எது எதுன்னு தெரியுமா?"

அவர் குந்தி உட்கார்ந்தார். புல்வேர் கிடந்தது ஒன்றாம் நம்பர். பாறைக்கட்டியாக இருந்தது ஐந்தாம் நம்பர். அது குழந்தைக்கும் தெரியும். நடுவில் இருந்த மூன்றும் ஒரே சிவப்பு. விரலில் தேய்த்தார், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார், மோந்து பார்த்தார். நனைந்த மண் மூன்றும் அவருக்கு ஒன்றாகத்தான் இருந்தன.

"இந்தப் பையெல்லாம் நாளைக்குக் காலையில பரிசோதனைக்குக் கோலாலம்பூர் ரயில்ல போவணும். குழியையும் மூடியாச்சு, பால்காரர் கன்னுக்குட்டி விழுந்துருச்சுன்னு. கிராணி போன வாரமே சொல்லிட்டாரு." பேரின்பநாயகம் சொன்னதை அவர் குரலிலேயே சொன்னார். "'இன்னொருக்கா சீட்டை மாத்திக் கட்டினீரெண்டால் உம்மை வைச்சிருக்க ஏலாது, மருதப்பன்.'" வேறொரு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். அப்படியே யாழ்ப்பாணத்துக்காரர்போல் பேசுவார். அன்று சொல்லி முடித்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

சொல்லாமல் இருந்துவிடலாம். வேலை போனால் இன்னொரு வேலை கிடைக்கும், கப்பல்துறையில் மூட்டை தூக்கலாம் என்று மனசு சொல்லிப் பார்த்தது. ஆனால் குழி வெட்டுகிற இவரை நான் அறிவேன். மண்ணைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் இவர் முகம் தினக்கூலிக்காரன் முகமாக இருக்காது. சொன்னாலோ, குளுவாங். ரப்பர் மரங்களுக்கு நடுவே அப்பா வீட்டு வாசலில் பெட்டியோடு நிற்கும் என்னை எனக்கே தெரிந்தது. மழை ஓட்டின்மேல் நடந்துகொண்டிருந்தது. நான் இன்னும் அந்தத் தளத்தில்தான் படுத்திருப்பதாகவும், என் குரல் மேலே எங்கோ தானாகக் கேட்பதாகவும் இருந்தது.

"எனக்குத் தெரியும்ங்க."

"பாத்தா எப்படித் தெரியும்?"

"பாத்து இல்ல."

அவர் கையை முகத்திலிருந்து எடுத்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ரெண்டு, கொஞ்சம் புளிக்கும், புல்லு வாசம் இருக்கும். மூணு சப்புன்னு இருக்கும், கல்லுதான் பல்லுல மாட்டும். நாலு ஜில்லுன்னு இருக்கும். துருப்பிடிச்ச செம்புல தண்ணி குடிச்ச மாதிரி. கல்லு கம்மி, அண்ணத்துல ஒட்டிக்கும்."

அவர் தோள்பையிலிருந்து தன் நோட்டை எடுத்துப் புரட்டினார். குழிக்குள் நின்று எழுதியது: மூன்றில் சரளை அதிகம், நாலில் கல் குறைவு, பிசுபிசுப்பு, தளத்தின் மேல் நீர் தேக்கம். எழுதிவைத்தும் இந்த ஈரத்தில் அவர் விரலுக்கு அது அகப்படவில்லை. நான் சொன்னதை நம்பினால் வேலை பிழைக்கும், நம்பினால் என் சத்தியம் பொய்.

"கண்ண மூடு" என்றார்.

மூடினேன். அடிப்பார் என்று நினைத்துத் தோளைக் குறுக்கிக்கொண்டேன். என் உதட்டில் அவர் விரல் பட்டது. விரல் நுனியில் மண்.

"இது?"

"மூணு."

பேப்பர் சரசரத்தது. மறுபடி விரல். "இது?"

"ரெண்டு."

"இது?"

"நாலு."

குவியல்களை இடம் மாற்றி வைக்கிற சத்தம் கேட்டது. இன்னொரு சுற்று ஊட்டினார். கல்யாணத்தன்று வாழைப்பழம் ஊட்டியதற்குப் பிறகு இவர் கையால் நான் எதுவும் தின்றதில்லை. சத்தியம் வாங்கிய கை இப்படி வாய்க்கு வருகிறதே என்று அழுகை வந்தது. விழுங்கிக்கொண்டு, வந்த வரிசைக்கு நம்பர் சொன்னேன். ஒன்றும் மாறவில்லை.

அவர் மண்ணை வாரிப் பைகளில் போட்டார். புதுச் சீட்டில் பென்சில் ஓடியது. முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். ஐந்து முறை. நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் அவர் முகத்தில் குளுவாங் எழுதியிருக்கும் என்று பயம்.

"எத்தன நாளா?"

"தீவாளியிலேர்ந்து."

மழை குறைந்து ஓட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. கீழே அஞ்சடி நடைபாதையில் யாரோ குடையை உதறினார்கள். எதிர் வீட்டு ரேடியோவில் ஒரு மலாய்ப் பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கியது.

"வேற எதுவுமே நிக்கலியா வயித்துல?"

தலையை ஆட்டினேன்.

"எது நிக்குது?"

"நாலு" என்றேன். வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் எழுந்து போவார் என்று காத்திருந்தேன். கதவு திறக்கவில்லை. சற்றுக் கழித்து, இப்போதுதான் கட்டிய நூல் முடிச்சை அவர் நகத்தால் நெம்புகிற சின்னச் சத்தம் கேட்டது. ஈர முடிச்சு, சீக்கிரம் அவிழவில்லை. பிறகு என் கீழுதட்டில் அவர் விரல் வந்து நின்றது. உள்ளே வரவும் இல்லை, விலகவும் இல்லை. அதன் நுனியிலிருந்து நாலாம் மண்ணின் குளிர்ந்த பருக்கைகள் நாலைந்து என் மடியில் உதிர்ந்தன.