உருக்காத வார்ப்பு

விடியும்போதே உலையில் அலுமினியம் உருகித் தயாராக இருந்தது. உலைக்காரன் கசடை வழித்தான். பழுதான வார்ப்புகளை உலை விளிம்பில் அடுக்கினான். ஈரம் காய்ந்த பிறகே உள்ளே தள்ளவேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், உலை வெடிக்கும்.

மூன்றாம் இயந்திரத்தில் அவன் தங்கையின் கணவன் நின்றான். பாதுகாப்புக் கதவு திறந்தே கிடந்தது. கதவை மூடாமலே இயந்திரம் ஓட, அதன் சுவிட்சைக் கம்பியால் கட்டச் சொன்னவர் முதலாளி. அதனால் ஒவ்வொரு வார்ப்புக்கும் நான்கு நொடி மிச்சம்.

அச்சில் ஒட்டிய வார்ப்பைப் பிடுங்க மச்சான் கையை விட்டான். அச்சு மூடியது. உருகிய உலோகம் பாய்ந்தது.

அச்சு திறந்தபோது வார்ப்பில் கையுறை பதிந்திருந்தது. உள்ளே இரண்டு விரல்கள்.

உலைக்காரன் தன் கையுறைகளைக் கழற்றி, மச்சான் கையைத் துணியால் கட்டினான். சேதி கேட்டு ஓடிவந்த தங்கை, ஆஸ்பத்திரி வண்டியில் ஏறும்போது சொன்னாள்: "கதவு தெறந்திருந்துச்சுன்னு சொல்லுண்ணே. இல்லேன்னா மாத்தி எழுதிடுவாங்க."

திரும்பி வந்து, கீழே கிடந்த வார்ப்பை எடுத்து விளிம்பில் வைத்தான். பதினெட்டு வருடக் கைப்பழக்கம். வைத்த பிறகுதான் அது எந்த வார்ப்பு என்று பார்த்தான்.

முதலாளி வந்தார். சுவிட்சில் கட்டியிருந்த கம்பியை அதற்குள் அவிழ்த்திருந்தார்கள்.

"கழிவு வண்டியில கைய நசுக்கிக்கிட்டான். எழுதியாச்சு. அதை உள்ள தள்ளு."

"அதுல விரல் இருக்கு சார்."

"எத்தனை தடவை உருக்கினாலும் புதுசாட்டம் வரும்யா அலுமினியம். தள்ளு."

"மாட்டேன்."

முதலாளி இரும்புத் தடியால் தாமே தள்ளப் போனார். உலைக்காரன் தடியை முறுக்கினான். அவன் வாயில் குத்து விழுந்தது. பல் ஒன்று தெறித்தது. வெறுங்கையால் வார்ப்பை இழுத்தான். தோல் வெந்து ஒட்டியது.

வார்ப்புகளின் பிசிறை அரத்தால் அராவுகிற, எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் பெண் ஓடிவந்து இடுக்கியால் பிடுங்கினாள்.

"கிறுக்கா, கை வேகுற வாடை அங்க வரைக்கும் அடிக்குது." வார்ப்பைத் தரை நடுவில் வைத்தாள். முதலாளியைப் பார்த்தாள். "இப்ப எடுங்க பாக்கலாம்."

இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"உலை ஆறினா அத்தனையும் கட்டியாப் போயிடும்டா!" முதலாளி கத்தினார்.

யாரும் அசையவில்லை.

"ஆளோட வரேன்."

அவர் வெளியேறியதும் ஷட்டரை இறக்கிப் பூட்டினார்கள். வார்ப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் வெளியே கடப்பாரை மோதியது. தகரம் உள்நோக்கி வளைந்தது.

உலைக்காரனின் போன் அடித்தது. தங்கை.

"ஆஸ்பத்திரியில எழுதுறவரு கேக்குறாருண்ணே, எப்படி ஆச்சு, யாரு பாத்தான்னு."

அக்கா போனை வாங்கினாள்.

"கதவு தெறந்திருந்துச்சு. அச்சு மூடிச்சு. பாத்தது பதினாலு பேரு. எழுதச் சொல்லு."

ஷட்டரின் ஒரு மூலை கிழிந்தது. அவள் ஒவ்வொரு பெயராக, நிறுத்தி நிறுத்திச் சொல்லத் தொடங்கினாள்.