இரண்டாம் மாடி புறப்படும் நேரம்

கட்டடத்தை இடித்து முடித்த பிறகும் இரண்டாம் மாடியில் தெருவைப் பார்த்திருந்த வீடு கீழே வரவில்லை. அதற்கு மேலிருந்த மாடிகள் போய்விட்டன, கீழே இருந்த மருந்துக்கடையும் மாடிப்படியும் போய்விட்டன, பக்கத்து வீடுகள் செங்கல்லாகி லாரியில் ஏறிவிட்டன. அந்த ஒரு வீடு மட்டும் பச்சைப் பெயிண்ட் அடித்த ஜன்னலும் கொடியில் காயும் துண்டுமாக இருந்த உயரத்திலேயே இருந்தது. தூசி அடங்கிய பிறகுதான் தெரு அதைக் கவனித்தது. உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மெஷினில் உட்கார்ந்திருந்தவளை அந்தத் தெருவில் எல்லோரும் தையலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போன பிறகு தங்கையைத் தைத்தே படிக்க வைத்து, ஒரு பள்ளி வேன் ஓட்டுநருக்குக் கட்டிக்கொடுத்து, அவர்களையும் தன்னோடே வைத்துக்கொண்டவள். கட்டடம் கைமாறியபோது மற்றவர்களைப் போலவே தங்கையும் கணவனும் ஊர் எல்லைக்கு அப்பால் வீடு பார்த்துக்கொண்டு கிளம்பினார்கள். "கையில இருக்கிற துணிய முடிச்சுக் கொடுத்துட்டு வரேன், நீங்க முன்னாடி போங்க" என்றாள் அக்கா. சொன்ன தேதிக்குக் கொடுக்காமல் அவளுக்குப் பழக்கமில்லை. தங்கைக்கோ அது சாக்காகப் பட்டது. "எங்களோட வர உனக்கு இஷ்டமில்ல, அத நேரா சொல்லேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேனில் ஏறினாள். அதன் பிறகு அவள் போன் செய்யவில்லை. வீடு காலி என்று நினைத்து இடிக்க ஆரம்பித்தார்கள். வீடு அதிர்ந்ததை அக்கா ஏதோ பெரிய லாரி போகிறது என்று எடுத்துக்கொண்டாள். வெட்டுத்துணியைக் கொட்டக் கதவைத் திறந்தபோதுதான் மாடிப்படி இல்லாதது தெரிந்தது.

இன்ஜினியர் வந்து அண்ணாந்து பார்த்து, "கணக்குப்படி இது விழணும்" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். அவளை இறக்க கிரேன்காரரை அனுப்பினார்கள். மனைவியை இழந்து பல வருடமான மனிதர், சட்டையில் எப்போதும் ஒரு பட்டன் குறைவாக இருக்கும். ஆள் ஏறும் கூண்டைக் கதவுக்கு நேராக நிறுத்திவிட்டுக் கீழேயிருந்து கத்தினார்.

"இதுல ஏறிக்குங்க, பத்திரமா இறக்கிடறேன்."

"இதோ வரேன். இந்தச் சட்டைக்குக் காலர் மட்டும் வச்சுடறேன்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"காலர் சீக்கிரம் ஆயிடும். அப்புறம் கை இருக்கு."

மத்தியானம் கூண்டில் தைத்த சட்டைகள் மட்டும் இறங்கின. மறுநாள் அதே கூண்டில் காய்கறியும் பாலும் ஏறின. அடுத்த வாரம் கிரேன்காரரின் சட்டை ஒன்று மேலே போய், எல்லாப் பட்டனோடும் கீழே வந்தது.

தெரு நான்கு நாள் வாயைப் பிளந்து பார்த்தது, பிறகு தன் வேலையைப் பார்க்கப் போனது. அதற்கும் அப்போது வேலை நிறைய இருந்தது. சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிய இடத்தில் நாய்களுக்கு முடி வெட்டும் கடை வந்தது. இரும்புக்கடையில் கண்ணாடி போட்டு, உள்ளே ஆட்கள் பாயை விரித்து மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். டீக்கடை, கோப்பையில் வாடிக்கையாளர் பெயரை எழுதிக் கொடுக்கும் காப்பிக்கடை ஆனது. பழைய டீக்காரருக்கே அதில் வேலையும் கிடைத்தது. பரிதாபப்பட வந்தவர்களிடம் அவர், "அட போங்கய்யா, இப்பதான் என் கால் வீங்காம இருக்கு" என்றார். கட்டடக்காரரும் காரியவாதி. நிற்கிற வீட்டோடு மல்லுக்கட்டினால் வேலைதான் கெடும் என்று முடிவு செய்து, அதைச் சுற்றி இடம் விட்டே புதுக் கட்டடத்தை எழுப்பினார். கண்ணாடியும் பால்கனியுமாக அது வளர்ந்தபோது பச்சை ஜன்னல் வீடு நடுவில் பொருந்தியும் பொருந்தாமலும் உட்கார்ந்திருந்தது. கதவுக்கு நேராக லிப்ட் வந்ததில் அக்காவுக்குச் சந்தோஷம்தான். கூண்டுக்கு வேலையில்லாமல் போனதில் கொஞ்சம் வருத்தம். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

புதிதாகக் குடிவந்தவர்கள் நல்லவர்கள், லிப்டில் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் கிழிந்ததைத் தைக்காமல் தூக்கிப்போட்டுப் பழகியவர்கள். துணி கொடுத்தவர்களோ ஒவ்வொருவராக ஊர் எல்லைக்கு அப்பால் போய்விட்டார்கள். மெஷின் ஓடும் நேரம் குறைந்தது. காற்று பலமாக அடித்த ஒரு மாதத்தில் வீடு நகர ஆரம்பித்தது. முதலில் வீட்டுக்கும் கட்டடச் சுவருக்கும் நடுவே விரலளவு இடைவெளி விழுந்தது, பிறகு கை நுழைந்தது. ஒரு நாள் காலை அவள் ஜன்னலைத் திறந்தபோது எதிரே காப்பிக்கடைக்குப் பதில் பெட்ரோல் பங்கின் கூரை தெரிந்தது.

கிரேன்காரர் அப்போது பக்கத்துத் தெருவில் வேலையாக இருந்தார். தலைக்கு மேல் தெரிந்த பச்சை ஜன்னலைப் பார்த்ததும் கிரேனைக் கிளப்பிக்கொண்டு துரத்தினார். கிரேன் ஊர்ந்த வேகத்துக்கு, பின்னால் ஊரே ஹாரன் அடித்தது.

"எங்க போறீங்க?"

"நான் எங்க போறேன்? வீடுதான் போகுது!"

"நிறுத்துங்களேன்!"

"பிரேக் எங்க இருக்குன்னு தெரிஞ்சா நிறுத்த மாட்டேனா?"

அவள் ஒரு கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டி மறுமுனையைக் கீழே விட்டாள். அவர் அதைக் கொக்கியில் மாட்டிக்கொண்டார். இழுத்துப் பார்த்தார், வீடு கேட்கவில்லை. பிறகு அது போகும் வழியிலேயே கூடப் போனார். மத்தியானம் ஊர் எல்லையைத் தாண்டி, பெயருக்குப் பதில் எண் வைத்த தெருக்களில் ஒன்றில், தங்கை குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனைக்கு மேல் வீடு நின்றது. தங்கை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அக்காவின் ஜன்னல் அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றிருந்தது.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா உனக்கு?" என்றாள் தங்கை.

"நீ ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"நீ பண்ணியிருக்கலாம்ல?"

இருவரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் முறைத்தார்கள். தங்கைதான் முதலில் அழுதாள். அழுதுகொண்டே உள்ளே போய், பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன சட்டைகளை ஒரு கூடை நிறைய அள்ளிவந்து கைப்பிடிச் சுவருக்கு மேலாக நீட்டினாள். சாயங்காலத்துக்குள் பழைய தெருக்காரர்கள் கால்சட்டையும் பாவாடையுமாக வரிசையில் நின்றார்கள். அங்கே பஸ் நிறுத்தமும் மளிகைக்கடையும் வந்திருந்தன, தையல்கடை மட்டும் வரவில்லை. பல நாளுக்குப் பிறகு மெஷின் இடைவிடாமல் ஓடியது, அக்கா பாடிக்கொண்டே தைத்தாள்.

புதுக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இப்போது ஓட்டை. அதன் வழியாகக் காற்று ஊளையிட்டது. நாலாம் மாடியில் கைக்குழந்தை வைத்திருந்த பெண் கீழே வந்து, மெஷின் சத்தம் இல்லாமல் குழந்தை தூங்க மாட்டேன் என்கிறது, என்ன செய்வது என்று எல்லோரையும் கேட்டாள். வேறொருவர் அலமாரியைக் குடைந்து, தூக்கிப்போட மனமில்லாமல் வைத்திருந்த கிழிந்த கோட் ஒன்றை எடுத்துவந்தார். வாடிக்கையாளர்கள் இருப்பது அவர்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. கிரேன்காரர் அந்தத் துணிகளை எல்லாம் மூட்டை கட்டி அக்காவிடம் கொண்டுபோனார். காலிமனையில் கிரேனை நிறுத்திவிட்டு, கூண்டில் ஏறி அவரே கதவுவரை வந்தார். அவரை அவ்வளவு பக்கத்தில் அவள் பார்த்தது அதுதான் முதல்முறை.

"என்னைத் திரும்பவும் இறக்க வந்தீங்களா?" என்றாள்.

"இல்ல. உங்கள இறக்கக் கேக்கல. நான் ஏறிக்கலாமான்னு கேக்கறேன்."

அவள் மூட்டையை வாங்கி உள்ளே வைத்தாள். கதவை விட்டு விலகி நின்று, "செருப்ப வெளிய விடாதீங்க, கீழ விழுந்துடும்" என்றாள்.

மறுவாரம் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. முடிந்த கையோடு வீடு ஊருக்குள் கிளம்பியது. "மறுபடியும் போறியா?" என்று தங்கை பதறினாள். "வந்துடுவேன்டி, உன் பிள்ளைங்க சட்டை இன்னும் பாதிதான் ஆகியிருக்கு" என்றாள் அக்கா. சொன்னபடியே வந்தது. துணி இந்தப் பக்கம் முடிந்தால் அந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் முடிந்தால் இந்தப் பக்கம் வரும். சில மாதத்தில் அது வாரத்தில் பாதி அங்கே, பாதி இங்கே என்று தானாகவே ஒழுங்குக்கு வந்தது. இரண்டு முனையிலும் கயிறு கட்டுவது கிரேன்காரரின் பொறுப்பு. ஊருக்குள் வேலை கிடைத்த தங்கை அதிலேயே வந்து போனாள். நெரிசலுக்குப் பஸ்ஸைவிட இது தேவலை என்றாள். தொழில் போட்டி என்று அவள் கணவன் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு வேன் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்த வாரம் அவனும் ஏறினான். வீடு சாலையைக் கடக்கும்போது போக்குவரத்துக் காவலர் உயரமான லாரிகளை மட்டும் ஓரம்கட்டச் சொல்வார்.

போன மாதம் ஒரு இளம் ஜோடிக்கு அந்தப் புதுக் கட்டடத்தின் மூன்றாம் மாடி வீட்டைத் தரகர் சுற்றிக்காட்டினார். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்த பெண், நேர் கீழே சுவரில்லாமல் வெயில் விழுந்த வெற்றிடத்தைக் காட்டி, இரண்டாம் மாடியில் ஏன் ஒன்றுமில்லை என்று கேட்டாள்.

"இருக்கும்மா. வெளிய போயிருக்கு, நாளைக்கு வந்துடும்" என்றார் தரகர்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, தண்ணீர் நாள் முழுக்க வருமா என்று கேட்டாள்.